நினைவேடும் கொள்கலமும்



கடைவீதியில் இருவகை வணிகரைக் காண்கிறோம். வாடிக்கையாளர் வந்து கணக்குக் கேட்டால், ஒருவர் பெட்டியைத் திறக்கிறார், பேரேட்டை எடுக்கிறார், ஏடுகளைப் புரட்டி, விரலை வரிமேல் ஓட்டி, அதன்பின் பாக்கி இவ்வளவு என்று சொல்கிறார். மற்றவரோ தலையை நிமிர்த்தாமலே அதே விடையைச் சொல்லிவிடுகிறார். கணக்கு முழுவதும் அவர் நெஞ்சில் இருக்கிறது. இரண்டாமவர் கடையில் கூட்டம் விரைவில் கலைகிறது. ஆனால், அவர் ஒரு நாள் நினைவிழந்து வீழ்ந்தால், ஊராருடைய கொடுக்கல் வாங்கல் எல்லாம் அவர் நெஞ்சோடு மறைந்துபோகும். முதலாமவர் மெதுவானவரே, ஆயினும் அவர் இல்லாத நாளிலும் அவருடைய ஏடு பேசும்.

கணிப்பொறியின் உள்ளேயும் இந்த இருவரும் இருக்கின்றனர். நினைவகம் விரைவானது, மின்சாரம் நின்றவுடன் யாவற்றையும் மறந்துவிடும். வட்டு மெதுவானது, மின்சாரம் நின்றாலும் எழுதியதை மறவாது. பொதுவாகத் தரவுத்தளங்கள் வட்டையே தம் இருப்பிடமாகக் கொள்வன. நினைவகத்தையே இருப்பிடமாகக் கொண்ட தரவுத்தளங்களும் உண்டு. அவற்றுள் பெரிதும் வழங்குவது ரெடிஸ் என்பது. அதனை டாக்கர் என்னும் கருவி அமைத்துத் தரும் கொள்கலத்தினுள் குடியேற்றுவது எங்ஙனம், அப்படிக் குடியேற்றும்போது நாம் எவற்றைக் காக்கவேண்டும் என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

முதலில் விரைவு என்று சொன்னேனே, அது எவ்வளவு என்று பார்ப்போம். நினைவகத்திலுள்ள ஓர் எண்ணை எடுத்துவர, ஏறத்தாழ ஒரு நொடியின் கோடியில் ஒரு பங்கு போதும். சுழலும் வட்டின் நிலை வேறு. நிமிடத்துக்கு 7200 முறை சுழலும் வட்டு, ஒரு சுற்றுச் சுற்றுவதற்கு ஒரு நொடியின் 120இல் ஒரு பங்கு வேண்டும். நாம் தேடும் இடம் ஊசியின் கீழ் வருவதற்குச் சராசரியாக அரைச் சுற்றாவது காத்திருத்தல் வேண்டும். ஊசி தாங்கிய கை உரிய வட்டத்துக்கு நகரும் நேரம் தனி. எல்லாம் சேர்ந்து ஏறத்தாழ நொடியின் நூற்றில் ஒரு பங்காகும். அஃதாவது, நினைவகத்தைப்போல் ஓர் இலட்சம் மடங்கு. நினைவகத்துக்கு ஒரு நொடி ஆகிறது என்று வைத்துக்கொண்டால், சுழலும் வட்டுக்கு ஒரு நாளும் ஏறக்குறைய நான்கு மணி நேரமும் ஆகும். சுழலாத வட்டுக்கள் இப்போது மிகுதியாக வழங்குகின்றன. அவற்றுக்கும் அதே கணக்கில் ஏறத்தாழக் கால் மணி நேரம் ஆகும். இவ்வளவு இடைவெளி இருத்தலினாலேதான், மறக்கும் தன்மையுடையது என்று தெரிந்தும், நினைவகத்தில் தரவுகளை வைக்க மக்கள் முற்பட்டனர்.

ரெடிஸ் பிறந்த கதை சுருக்கமானது. இத்தாலி நாட்டின் சிசிலித் தீவைச் சேர்ந்தவர் சால்வத்தோரே சான்ஃபிலிப்போ. இணையத்தளங்களுக்கு வருவோர் யார், எந்தப் பக்கத்தைப் பார்க்கின்றனர் என்பதை அந்தக் கணமே காட்டும் ஒரு சேவையை அவர் நடத்திவந்தார். ஒவ்வொரு வருகையும் ஒரு பட்டியலின் தலையில் சேரவேண்டும். பழையது வாலிலிருந்து உதிரவேண்டும். வட்டில் எழுதும் வழக்கமான தரவுத்தளம் இந்தச் சுமையைத் தாங்கவில்லை. பெரிய கணிப்பொறி வாங்குவதற்குப் பதிலாக, அவர் சிக்கலையே மாற்றி எண்ணினார். பட்டியலை நினைவகத்திலேயே வைத்தால் என்ன? முதலில் டிசிஎல் என்னும் மொழியில் ஒரு மாதிரியை எழுதிப் பார்த்தார்; பின்னர் சி மொழியில் எழுதி, 2009ஆம் ஆண்டில் யாவரும் எடுத்துப் பயன்படுத்துமாறு வெளியிட்டார். தொலைவிலிருந்து கேட்கக்கூடிய அகராதி என்னும் பொருள்படும் ஆங்கிலத் தொடரின் சுருக்கமே ரெடிஸ் என்னும் பெயர்.

பெயருக்கு ஏற்ப, அது ஓர் அகராதிதான். ஒரு சொல்லைக் கொடுத்தால் அதற்குரிய மதிப்பைத் தரும். அம்மதிப்பு ஒரு சொற்றொடராக இருக்கலாம். ஓர் எண்ணாக இருக்கலாம். ஒரு பட்டியலாக, ஒரு தொகுதியாக, மதிப்பெண் வரிசைப்படி நிற்கும் ஒரு தொகுதியாகவும் இருக்கலாம். எந்த மதிப்புக்கும் ஆயுட்காலம் குறிக்கலாம். குறித்த நேரம் கழிந்ததும் அது தானே மறையும். மற்றொரு சிறப்பும் உண்டு. வரும் கட்டளைகளை ரெடிஸ் ஒன்றன்பின் ஒன்றாகவே நிறைவேற்றும். ஒரு கட்டளை முடியுமுன் மற்றொன்று இடையே புகாது.

இந்தச் சிறப்பின் பயனை ஓர் எடுத்துக்காட்டால் விளக்குகிறேன். ஒரு கல்லூரியில் கோடைப் பயிற்சி வகுப்பு ஒன்று நடைபெறவிருக்கிறது என்று கொள்வோம். இடங்கள் 60. முந்தி வருபவருக்கே இடம். காலை பத்து மணிக்குப் பதிவு தொடங்குகிறது. பதிவை ஏற்கும் நிரல், முதலில் எண்ணிக்கையைப் படித்து, 59 என்று கண்டு, ஒன்று கூட்டி 60 என எழுதுவதாகக் கொள்வோம். அதே கணத்தில் வேறொரு மாணவரின் வேண்டுகோளும் 59 என்றே படித்துவிட்டால், இருவருக்கும் அறுபதாம் இடம் கிடைத்துவிடும். ரெடிஸில் இன்கர் என்று ஒரு கட்டளை உண்டு. எண்ணோடு ஒன்றைக் கூட்டி, கூட்டி வந்த எண்ணையே விடையாகத் தருவது அது. படிப்பதும் கூட்டுவதும் எழுதுவதும் ஒரே செயல். விடை 60க்குள் இருந்தால் இடம் உண்டு. 61 என்று வந்தால் இல்லை. ஆயிரம் பேர் ஒரே நொடியில் வந்தாலும் ஓர் இடம் இருவருக்குப் போகாது.

இந்த எண்ணியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அது வெறும் எண் அன்று. இடம் உண்டு என்று ஒரு மாணவருக்கு நாம் கொடுத்த வாக்கு அது. இன்று நாம் பேசும் ஒவ்வொரு செய்தியையும் இந்த வாக்கோடு உரைத்துப் பார்ப்போம்.

இனிக் கொள்கலத்துக்கு வருவோம். 1956ஆம் ஆண்டு ஏப்ரல் 26ஆம் நாள், அமெரிக்காவின் நியூவர்க் துறைமுகத்திலிருந்து ஹூஸ்டனை நோக்கி ஐடியல் எக்ஸ் என்னும் கப்பல் புறப்பட்டது. மால்கம் மெக்லீன் என்னும் வணிகரின் ஏற்பாட்டில், அதன் மேல்தளத்தில் 58 அலுமினியப் பெட்டிகள் ஏற்றப்பட்டிருந்தன. அதற்குமுன் மூட்டை வேறு, பீப்பாய் வேறு, கூடை வேறு என ஒவ்வொன்றையும் ஆட்கள் தனித்தனியே ஏற்றி இறக்கினர். பெட்டி வந்தபின், உள்ளே இருப்பது பஞ்சா, பழமா என்று பாரந்தூக்கி கேட்கவேண்டியதில்லை. பெட்டியின் வெளியளவு ஒன்றே. ஆதலின் கப்பல், லாரி, இரயில் மூன்றிலும் அது மாறாமல் செல்லும்.

மென்பொருளுக்கும் அத்தகைய பெட்டி தேவைப்பட்டது. ஒருவர் கணிப்பொறியில் ஓடும் நிரல் மற்றொருவர் கணிப்பொறியில் ஓடாமல் நின்றுவிடும். துணை நிரல்களின் பதிப்பு வேறு, கோப்புகள் இருக்கும் இடம் வேறு என்று காரணம் பலவாக இருக்கும். நிரலையும் அதற்கு வேண்டிய துணைகள் அனைத்தையும் ஒரே பெட்டியில் அடைத்துவிட்டால் இத்தொல்லை இல்லை. இதற்கு வேண்டிய அடிப்படைகள் லினக்ஸ் இயங்குதளத்தில் சிறிது சிறிதாகச் சேர்ந்துவந்தன. ஒரு நிரலுக்குத் தன் கோப்புகளும் தன் பிணையமும் மட்டுமே தெரியுமாறு திரையிடும் வசதி ஒன்று. அது எவ்வளவு நினைவகம், எவ்வளவு கணிப்பு நேரம் பயன்படுத்தலாம் என்று அளந்து கொடுக்கும் வசதி மற்றொன்று. இப்பின்னது 2008இல் லினக்ஸில் இடம்பெற்றது. இவ்விரண்டையும் இணைத்து, எளிய கட்டளைகளால் எவரும் ஆளுமாறு செய்த கருவியே டாக்கர். 2013ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில், கலிபோர்னியாவின் சாந்தா கிளாராவில் நடந்த பைத்தான் மொழியாளர் மாநாட்டில், சாலமன் ஹைக்ஸ் என்பவர் ஒரு சிறு பேச்சில் அதனை உலகுக்குக் காட்டினார்.

கொள்கலம் ஒரு முழுக் கணிப்பொறி அன்று என்பதை இங்கே தெளிவுபடுத்தவேண்டும். அதற்கெனத் தனி இயங்குதளத்தின் உட்கரு இல்லை. ஒரே கட்டடத்தில் தனித்தனிப் பூட்டுடன் கூடிய அறைகளை எண்ணிக்கொள்ளுங்கள். அடித்தளம் பொது, அறை தனி. ஆகையினாலேதான் அது ஓரிரு நொடிகளில் எழுந்து நிற்கிறது. இரண்டு சொற்களையும் அறிந்துகொள்வோம். படிமம் என்பது அச்சு. கொள்கலம் என்பது அந்த அச்சில் வார்த்த வடிவம். ஓர் அச்சிலிருந்து எத்தனை வடிவங்களும் வார்க்கலாம். வடிவம் உடைந்தாலும் அச்சுக்குக் கேடில்லை.

இப்போது செயலில் இறங்குவோம். முதற்படி, டாக்கர் புல் என்னும் கட்டளையால் ரெடிஸின் படிமத்தைப் பொதுக் களஞ்சியத்திலிருந்து வருவித்தல். அப்போது பதிப்பின் எண்ணையும் சேர்த்துச் சொல்லுங்கள். எண் சொல்லாவிடில், அன்றைய நாளில் புதிதாயிருக்கும் பதிப்பு வரும். இன்று உங்களுக்கு வருவதும், அடுத்த ஆண்டு உங்கள் நண்பருக்கு வருவதும் வேறு வேறாகிவிடும். ஒன்றுபோல் ஓடவேண்டும் என்பதற்காகவே கொள்கலத்தை நாடினோம். பதிப்பைக் குறியாமல் விட்டால் அந்த நோக்கமே கெடும்.

இரண்டாம் படி, டாக்கர் ரன் என்னும் கட்டளை. இதில் கொள்கலத்துக்கு ஒரு பெயர் இடுகிறோம். பின்னணியில் ஓடுமாறு சொல்கிறோம். எந்தப் படிமம் என்று குறிக்கிறோம். மூன்றாம் படி, டாக்கர் எக்ஸெக் என்னும் கட்டளையால் கொள்கலத்தின் உள்ளே புகுந்து, ரெடிஸோடு உரையாடும் சிறு நிரலைத் தொடங்கிப் பிங் என்று சொல்லுதல். பாங் என்று விடை வந்தால், நினைவேடு விழித்துக்கொண்டது என்று பொருள். பத்து நிமிடத்துக்குள் இவ்வளவும் முடிந்துவிடும். இதோடு வேலை முடிந்தது என்று பலர் எழுந்துவிடுகின்றனர். நம் எண்ணிக்குக் கேடு வரக்கூடிய வழிகள் மூன்று இன்னும் திறந்தே இருக்கின்றன.

முதற் கேடு மறதி. பதிவு காலை பத்து மணிக்குத் தொடங்குகிறது. அதே நேரத்தில்தான் கொள்கலமும் தொடங்கப்பெற்றது. பத்தே கால் மணிக்குள் 40 மாணவர் பதிவு செய்கின்றனர். மின்சாரம் நின்றுவிடுகிறது. மின்சாரம் வந்து, கொள்கலம் மீண்டும் எழும்போது எண்ணி எங்கே நிற்கும்? சுழியத்தில் நிற்கும். ரெடிஸ் தன் நினைவை இடையிடையே படம் பிடித்து வட்டில் வைப்பது உண்மையே. ஆனால் எப்போது பிடிக்கும்? அண்மைப் பதிப்புகளில், நாம் வேறு சொல்லாவிடில், விதி இது: ஒரு மணி நேரத்தில் ஒரு மாற்றமாவது, அல்லது ஐந்து நிமிடத்தில் 100 மாற்றங்கள், அல்லது ஒரு நிமிடத்தில் 10,000 மாற்றங்கள் நிகழ்ந்திருத்தல் வேண்டும். நம் 40 மாற்றங்கள் இந்த விதிகளுள் எதனையும் கால் மணி நேரத்துக்குள் நிறைவு செய்யவில்லை. ஆதலின் படம் பிடிக்கப்படவில்லை. அடுத்து வரும் மாணவருக்கு முதல் இடம் என்று விடை போகும். 60 இடங்களுக்கு 100 பேருக்கு வாக்குக் கொடுத்தவர் ஆவோம்.

இதற்கு மாற்று, வணிகர் நெடுங்காலமாக அறிந்த ஒன்றே. பேரேட்டை என்றாவது எழுதலாம். நாட்குறிப்பை அவ்வப்போதே எழுதிவிடவேண்டும். ரெடிஸிலும் அத்தகைய நாட்குறிப்பு உண்டு. அப்பெண்ட் ஒன்லி என்னும் விருப்பத்தை ஆம் என்று அமைத்தால், மாற்றம் செய்யும் ஒவ்வொரு கட்டளையையும் ஒரு கோப்பின் இறுதியில் அது சேர்த்துக்கொண்டே வரும். மீண்டும் எழும்போது அக்கோப்பை முதலிலிருந்து படித்து, பழைய நிலையை அடையும். அக்கோப்பை எத்தனை முறைக்கு ஒரு முறை வட்டில் உறுதியாகப் பதிப்பது என்பதும் நம் கையில் உள்ளது. நொடிக்கு ஒரு முறை என்பது வழக்கமான அமைப்பு. மின்சாரம் நின்றால் ஏறத்தாழ ஒரு நொடிக்குரிய எழுத்து மட்டுமே போகும். ஒவ்வொரு கட்டளைக்கும் பதிக்குமாறும் சொல்லலாம். காப்பு மிகும், விரைவு குறையும். ஒன்றைப் பெற ஒன்றைக் கொடுக்கவேண்டியிருக்கிறது. எவ்வளவு கொடுக்கலாம் என்பதை அறிந்து முடிவு செய்வதே பொறியாளர் கடமை.

ஆனால் நாட்குறிப்பை எங்கே வைக்கிறோம்? ரெடிஸ் படிமத்தில் டேட்டா என்னும் அடைவு இதற்கென உள்ளது. நாம் ஒன்றும் சொல்லாவிடில், டாக்கர் அதற்குப் பெயரற்ற ஓர் இடத்தை ஒதுக்கும். பழைய கொள்கலத்தை நீக்கிவிட்டுப் புதிய பதிப்பில் ஒன்றை அமைத்தால், புதியது வேறொரு பெயரற்ற இடத்தைப் பெறும். பழைய குறிப்பு அதன் கண்ணில் படாது. ஆகவே, வால்யூம் எனப்படும் சேமிப்பிடம் ஒன்றை நாமே பெயரிட்டு உருவாக்கி, அந்த அடைவோடு பொருத்தவேண்டும். கொள்கலம் போகும், வரும். பெயரிட்ட சேமிப்பிடம் நிற்கும். வாடகை வீடு மாறினாலும் இரும்புப்பெட்டியைக் கூடவே எடுத்துச்செல்லும் குடும்பத்தாரைப் போன்றது இம்முறை.

கொள்கலத்தை நிறுத்தும் முறையிலும் ஒரு நுட்பம் உண்டு. டாக்கர் ஸ்டாப் என்று சொன்னால், ரெடிஸுக்கு முதலில் பணிவான ஓர் அறிவிப்புச் செல்கிறது. அது தன் நினைவை வட்டில் எழுதிவிட்டு விடைபெறும். ஆனால் லினக்ஸ் கொள்கலத்தில் பத்து நொடிக்குள் அது முடியாவிடில், டாக்கர் அதனை வலிந்து நிறுத்திவிடும். தரவு பெரிதாயிருந்தால் பத்து நொடி போதாமற் போகலாம். அவகாசத்தை நீட்டிக் கேட்கும் வசதி உண்டு. கேட்பது நம் பொறுப்பு.

இரண்டாங் கேடு நெருக்கடி. நினைவகம் வரம்புடையது. கொள்கலத்துக்கு இத்தனை மெகாபைட்டுக்கு மேல் இல்லை என்று டாக்கரிடம் சொல்லலாம். ஆனால் அந்த வரம்பை மீறினால், இயங்குதளம் எச்சரிக்கை ஏதும் தராது. அந்த நிரலை அப்போதே கொன்றுவிடும். பின்னர் 137 என்னும் முடிவு எண் மட்டுமே நமக்குக் கிடைக்கும். 128உடன், கொல்லும் குறிப்பாணையின் எண்ணாகிய 9 சேர்ந்ததே அந்த 137. ஆகவே ரெடிஸுக்கும் அதன் உள்ளிருந்தே மேக்ஸ்மெமரி என்னும் வரம்பைச் சொல்லிவைக்கவேண்டும். அது கொள்கலத்தின் வரம்பைவிடக் குறைவாக இருக்கவேண்டும். காரணம் உண்டு. நினைவைப் படம் பிடிக்கும்போது, ரெடிஸ் தன்னைப்போல் ஒரு படியைப் பிரித்துக்கொள்கிறது. படி எழுதிக்கொண்டிருக்கும் நேரத்தில் மாறும் பக்கங்களுக்கெல்லாம் இரட்டை இடம் வேண்டும். அந்த இடத்தை முன்னரே விட்டுவைப்பது அறிவுடைமை.

உள்வரம்பு நிரம்பினால் ரெடிஸ் என்ன செய்யும்? நாம் ஒன்றும் சொல்லாவிடில், இனி எழுத இடமில்லை என்று மறுத்துவிடும். மற்றொரு முறையும் உண்டு: நெடுநேரம் எவரும் கேளாத பழைய செய்தியை வெளியேற்றிப் புதியதற்கு இடம் கொடுத்தல். தேர்வு முடிவுகளின் நகலைப்போல், மூலம் வேறிடத்தில் இருக்கும் செய்திகளுக்கு இம்முறை மிக நன்று. நகல் போனால் மூலத்திலிருந்து மீண்டும் எடுக்கலாம். ஆனால் நம் எண்ணிக்கு மூலம் வேறெங்கும் இல்லையே! கூட்டமில்லாத நண்பகலில் எவரும் தொடாத எண்ணியைப் பழைய குப்பை என்று ரெடிஸ் தள்ளிவிட்டால், மாலையில் வருபவருக்கு மீண்டும் முதல் இடம் கிடைக்கும். ஆகையால், மறக்கத் தகுவனவற்றையும் மறக்கத் தகாதனவற்றையும் ஒரே நினைவேட்டில் கலவாதிருத்தல் நன்று. அவற்றுக்கு இரண்டு கொள்கலங்கள் வைப்பது பெருஞ்செலவும் அன்று.

மூன்றாங் கேடு திறந்த கதவு. இதுவே மிகப் பெரிது. ரெடிஸ் 6379 என்னும் வாயில் எண்ணில் விடையளிக்கிறது. பழைய தொலைபேசிப் பொத்தான்களில் மெர்ஸ் என்னும் சொல்லின் நான்கு ஆங்கில எழுத்துக்களை அழுத்தினால் வரும் எண் அது. சான்ஃபிலிப்போ விளையாட்டாகத் தேர்ந்துகொண்டது. விளையாட்டு அங்கே நின்றுவிட்டது. கதவின் கதை அப்படியன்று. நம்பத்தக்கவர் மட்டுமே இருக்கும் பிணையத்துக்காக ரெடிஸ் ஆக்கப்பெற்றது. ஆயினும் பலர் அதனைத் திறந்த இணையத்தில் கடவுச்சொல் இன்றி வைத்தனர். 2015 நவம்பரில் சான்ஃபிலிப்போ தாமே ஒரு கட்டுரை எழுதி, அவ்வாறு திறந்து கிடக்கும் ரெடிஸ் வழியாக ஓர் அயலார் முழுக் கணிப்பொறியையும் கைப்பற்றக்கூடும் என்பதைச் செய்து காட்டினார். தரவைச் சேமிக்கும் அடைவையும் கோப்பின் பெயரையும் மாற்றிவிட்டு, தம் திறவுகோலையே தரவு என்று எழுதவைத்தால் போதும்; பிறகு அவரே வீட்டுக்காரர். 2016இல் வெளிவந்த 3.2ஆம் பதிப்பில் ஒரு காப்பு முறை சேர்க்கப்பெற்றது. கடவுச்சொல் அமைக்காத ரெடிஸ், தன் கணிப்பொறியிலிருந்து வரும் கேள்விக்கு மட்டுமே விடையளிக்கும், வெளியார்க்கு மறுத்துவிடும்.

இங்கேதான் மாணவர் கூர்ந்து நோக்கவேண்டும். டாக்கரின் ரெடிஸ் படிமத்தில் இந்தக் காப்பு முறை அணைத்து வைக்கப்பட்டிருக்கிறது. மற்றக் கொள்கலங்கள் வேறு முகவரிகளிலிருந்து வந்து கேட்கவேண்டியிருப்பதால் அவ்வாறு செய்தனர். இதன் விளைவு யாது? வாயிலை வெளியே திறக்கும் விருப்பத்தை, முகவரி குறியாமல் நாம் கொடுத்துவிட்டால், டாக்கர் அக்கணிப்பொறியின் எல்லா முகவரிகளிலும் வாயிலைத் திறக்கும். கணிப்பொறி இணையத்தை நேரே நோக்கி நிற்குமாயின், கடவுச்சொல்லும் இல்லாமல், காப்பும் இல்லாமல், உலகம் முழுவதும் உள்ளே வரலாம். நம் எண்ணியை எவரும் மாற்றலாம். பதிவு செய்த மாணவர் பெயரையும் தொலைபேசி எண்ணையும் எவரும் படிக்கலாம். எத்தனை பேர் வந்து போயினர் என்பதுகூட நமக்குத் தெரியாமற் போகலாம்.

காப்பது கடினம் அன்று. முதலில், தேவையில்லாத வாயிலைத் திறவாதீர்கள். டாக்கரில் தனிப் பிணையம் ஒன்றை உருவாக்கி, பதிவு நிரலின் கொள்கலத்தையும் ரெடிஸின் கொள்கலத்தையும் அதில் சேர்த்துவிட்டால் போதும். ஒன்றை ஒன்று பெயர் சொல்லி அழைத்துக்கொள்ளும். வெளியுலகுக்கு வாயிலே இருக்காது. பலரை மயக்கும் ஒரு செய்தியையும் இங்கே சொல்லவேண்டும். கொள்கலத்தின் உள்ளிருந்து 127.0.0.1 என்று அழைத்தால், அது அந்தக் கொள்கலத்தையே குறிக்கும். பக்கத்து அறையைக் குறிக்காது. ஆகவே ரெடிஸ் கொள்கலத்தின் பெயரைச் சொல்லியே அழைக்கவேண்டும். இரண்டாவதாக, உங்கள் கணிப்பொறியிலிருந்தே பார்க்கவேண்டுமாயின், 127.0.0.1 என்னும் முகவரியைச் சேர்த்து வாயிலைத் திறங்கள். அப்போது வெளியார் அணுகமுடியாது. மூன்றாவதாக, கடவுச்சொல் வையுங்கள். அது நீளமாக இருக்கட்டும். ரெடிஸ் விரைவானது என்பது கள்வனுக்கும் உதவும். நொடிக்குப் பல ஆயிரம் சொற்களை அவன் முயன்று பார்க்கலாம். 2020இல் வந்த ஆறாம் பதிப்பு முதல், இன்னார் இன்ன கட்டளைகளை மட்டும் இடலாம் என்று ஆளுக்கு ஏற்ப உரிமை வகுக்கவும் வழி உண்டு.

இவ்வளவு விருப்பங்களையும் ஒவ்வொரு முறையும் நினைவிலிருந்து தட்டெழுதுவது நன்றன்று. டாக்கர் கம்போஸ் என்னும் துணைக் கருவி இருக்கிறது. படிமத்தின் பதிப்பு, சேமிப்பிடத்தின் பெயர், நினைவக வரம்பு, பிணையம் யாவற்றையும் ஒரு சிறு கோப்பில் எழுதிவைத்தால், ஒரே கட்டளையில் அனைத்தும் எழும். நமக்குப்பின் வருபவர் அதைப் படித்து, நாம் என்ன செய்தோம் என்று அறிவார். சமையற் பக்குவம் பாட்டியின் கையோடு போய்விடாமல் எழுதிவைப்பதைப் போன்றது இது. கடவுச்சொல்லை மட்டும் அக்கோப்பில் எழுதாமல் தனியே வையுங்கள்.

இனி ஓர் ஐயம் எழலாம். இத்தனை காப்பும் செய்தபின், எண்ணியை ரெடிஸிடம் மட்டுமே விட்டுவிடலாமா? விடவேண்டா என்பதே என் கருத்து. முன்வாயிலில் விரைந்து எண்ணுவதற்கு ரெடிஸை வையுங்கள். இடம் பெற்ற மாணவரின் பெயரையோ, வட்டில் எழுதும் தரவுத்தளம் ஒன்றில் உடனே பதிந்து, பதிந்தபின்பே உமக்கு இடம் உண்டு என்று சொல்லுங்கள். அங்கே எழுதப்படுவன 60 வரிகள் மட்டுமே, அது தாங்கும். ஆயிரவர் கூட்டத்தை நெஞ்சிற் கணக்கு வைத்திருப்பவர் எதிர்கொள்ளட்டும்; வாக்கைப் பேரேடு காக்கட்டும். நாம் தொடக்கத்தில் கண்ட இரு வணிகரும் ஒரே கடையில் கூட்டாக அமர்ந்தால், விரைவும் உண்டு, நம்பிக்கையும் உண்டு.

கருவிகள் மாறும் என்பதையும் மாணவர் அறியவேண்டும். ரெடிஸை நடத்தும் நிறுவனம் 2024 மார்ச்சில் அதன் உரிம விதிகளை இறுக்கியது. உடனே அதன் பழைய கட்டற்ற பதிப்பிலிருந்து வால்கீ என்னும் கிளை, லினக்ஸ் ஃபவுண்டேஷனின் ஆதரவில் தோன்றியது. 2025இல் ரெடிஸ் எட்டாம் பதிப்பு, கட்டற்ற உரிமம் ஒன்றையும் மீண்டும் சேர்த்துக்கொண்டது. பெயரும் உரிமமும் இவ்வாறு மாறினும், நாம் இன்று கண்ட கேள்விகள் மாறா. நினைவு மறைந்தால் என்ன செய்வது? இடம் நிரம்பினால் எதை விடுவது? கதவு யாருக்குத் திறப்பது? எந்த நினைவேட்டை எடுத்தாலும் இம்மூன்றையும் கேளுங்கள்.

ஒரு பயிற்சியும் சொல்லி முடிக்கிறேன். இந்த வாரம் உங்கள் கணிப்பொறியில் ஒரு நினைவேட்டை அமையுங்கள். இன்கர் கட்டளையை நாற்பது முறை இடுங்கள். பிறகு டாக்கர் கில் என்று சொல்லி, அதனைத் திடீரென்று வீழ்த்துங்கள். மீண்டும் எழுப்பி, எண்ணியைக் கேளுங்கள். நாட்குறிப்பு இல்லாமல் ஒரு முறை, நாட்குறிப்போடு ஒரு முறை. ஒரு முறை ஒன்றுமில்லை என்னும். ஒரு முறை நாற்பது என்னும். பிறர் தரவை ஏற்றுக்கொள்ளும் முன்பு, நம் கையாலேயே கெடுத்துப் பார்த்து, மீள்கிறதா என்று கண்டுகொள்ள வேண்டும். மின்சாரம் நிற்கும் நாள் நம்மைக் கேட்டுக்கொண்டு வருவதில்லை.